பரணில் கிடந்த 700 கார்டுகள்: கிரேடு போடுவதா, வைத்துக்கொள்வதா, விற்பதா?

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் டிஃபையன்ஸ் என்று ஒரு சிறு நகரம். 2012 பிப்ரவரியில் அங்கே ஒரு பழைய வீட்டின் பரணை ஒழித்துக்கொண்டிருந்த வாரிசுகளில் ஒருவர், மரத்தாலான பொம்மை வீட்டுக்கு அடியில் புகைக்கரி படிந்த அட்டைப்பெட்டி ஒன்றைக் கண்டெடுத்தார். உள்ளே கயிறு போட்டுக் கட்டிய பேஸ்பால் கார்டுகள், அதாவது ஆட்டக்காரர்களின் படம் அச்சிட்ட சிறு அட்டைகள். இப்போது கடைகளில் கிடைப்பதைவிடச் சின்னவை. டை காப், சை யங், ஹோனஸ் வாக்னர் என்று கேள்விப்பட்ட பழைய ஆட்டக்காரர்களின் பெயர்கள் கண்ணில் பட்டன. பெட்டியை ஓர் அலமாரியின் மேல் வைத்துவிட்டு அவர் மறுபடி பரணுக்கே போய்விட்டார்.

அந்தப் பெட்டிதான் பிறகு 'பிளாக் ஸ்வாம்ப் ஃபைண்ட்' என்று பெயர் பெற்றது. வடமேற்கு ஒஹையோவில் முன்பு பரந்து கிடந்த சதுப்பு நிலத்தின் பெயரை இதற்கும் வைத்துவிட்டார்கள். மொத்தம் 700 கார்டுகள் அளவில் இருந்தன. அத்தனையும் ஈ98 வரிசையைச் சேர்ந்தவை, 1910ஆம் ஆண்டு வாக்கில் மிட்டாயோடு சேர்த்து வழங்கப்பட்டவை. வீட்டின் பழைய உரிமையாளர் இறைச்சிக்கடை வைத்திருந்தவர். விளம்பரத்துக்காகக் கொடுக்க வந்த கார்டுகளில் மீந்ததைக் கட்டிப் பரணில் போட்டிருப்பார் என்பது குடும்பத்தாரின் ஊகம். அவர் 1940களில் காலமானார். மகள் அதே வீட்டில் 2011 அக்டோபர்வரை வாழ்ந்தார். அவர் இறந்தபின் சொத்து அவருடைய அண்ணன், தம்பி, அக்கா, தங்கை பிள்ளைகள் 20 பேருக்குப் போனது.

பழைய கார்டு கையில் கிடைத்தவர் எவருக்கும் எழும் கேள்விகள் எல்லாம் இந்த ஒரு பெட்டியில் அடங்கியிருக்கின்றன. கிரேடு போடுவது என்றால், ஒரு நிறுவனம் கார்டின் நிலையைப் பரிசோதித்து 1 முதல் 10 வரை ஓர் எண் கொடுத்துப் பிளாஸ்டிக் உறையில் அடைத்துத் தருவது. கிரேடு போட்டால் விலை ஏறும் என்ற நம்பிக்கை எங்கே பலிக்கும், எங்கே பலிக்காது என்பதும் இதில் தெரியும்.

முதலில் பெயரைக் கண்டுபிடி

'ஈ98' என்ற எண் கார்டில் அச்சாகியிருக்காது. ஜெஃபர்சன் பர்டிக் என்ற சேகரிப்பாளர் தொகுத்த அமெரிக்கன் கார்டு கேட்டலாக் தந்த எண் அது. ஈ என்றால் பழைய மிட்டாய், சூயிங்கம் கார்டுகள். டி என்றால் புகையிலைக் கார்டுகள். 1909 முதல் 1911 வரை சிகரெட் பெட்டிகளில் வந்த புகழ்பெற்ற டி206 அந்த வகை. ஈ98 வரிசையில் 30 வீரர்கள். படம் வரைந்த ஓவியம் போல இருக்கும், பின்னணி ஒரே நிறம். அளவு சுமார் 1½க்கு 2¾ அங்குலம். எந்த மிட்டாய் கம்பெனி என்று கார்டில் எங்கும் இருக்காது.

வரிசையின் பெயர் தெரியாமல் விலை தேடுவது வீண்வேலை. ஒரே வாக்னருக்கு டி206இல் ஒரு விலை, ஈ98இல் வேறு விலை. இரண்டுக்கும் நடுவே மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். டி206 வாக்னர் ஒன்று 2021 ஆகஸ்டில் 66 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அதற்குக் கிடைத்த கிரேடு வெறும் 3. இந்தச் செய்தியைப் படித்துவிட்டுத் தன்னிடம் உள்ள எந்த வாக்னரையும் கோடிக்கணக்கில் மதிப்பிடுவதுதான் வாரிசுகள் செய்யும் முதல் தவறு.

அசல்தானா?

டிஃபையன்ஸ் கார்டுகள் மிகப் புதிதாக இருந்ததே சந்தேகத்துக்கு இடமானது. நூறு வயதுக் கார்டுக்கு மூலை மழுங்கியிருக்கும், பரப்பில் கோடு விழுந்திருக்கும் என்று எதிர்பார்த்துப் பழகிய கண்ணுக்கு இவை மறுபதிப்பு போலவே தெரிந்தன. பார்த்த நிபுணர்களும் முதலில் தயங்கினார்கள்.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனைகள் சில உண்டு. 10 மடங்கு பெருக்கும் லென்ஸ் ஒன்றை வாங்கி, வீரரின் பெயர் அச்சான எழுத்தைப் பாருங்கள். அந்தக் காலத்து லித்தோ அச்சில் (கல்லச்சு) எழுத்து ஒரே மையால் நிரம்பிய கோடாக இருக்கும். அசலை ஸ்கேன் செய்து அடித்த மறுபதிப்பில் படம், எழுத்து, பின்னணி எல்லாமே ஒரே சீரான வண்ணப் புள்ளிகளாகச் சிதறித் தெரியும். குறிப்பாக எழுத்தின் ஓரத்தைப் பாருங்கள். அங்கே புள்ளி இருந்தால் மேலே போக வேண்டியதில்லை.

அடுத்தது இருட்டறையில் புற ஊதா விளக்கு. 1940களின் பிற்பகுதிக்குப் பிறகு வந்த தாள்களில் வெண்மை கூட்டும் ரசாயனம் சேர்ந்திருப்பது வழக்கம். அந்தத் தாள் விளக்கில் நீலவெள்ளையாக ஒளிரும். 1910 கார்டு மங்கலாகவே நிற்கும். இந்தச் சோதனை ஒரு பக்கம்தான் பேசும். ஒளிர்ந்தால் போலி என்று சொல்லலாம், ஒளிராவிட்டால் அசல் என்று சொல்ல முடியாது. ரசாயனம் சேராத தாள் இன்றும் கிடைக்கிறது, பழைய புத்தகத்தின் வெற்றுப் பக்கத்தைக் கிழித்து அச்சடிப்பவர்களும் இருக்கிறார்கள்.

போலியைவிடப் பெரிய தலைவலி, ஓரம் நறுக்கிய அசல் கார்டு. மழுங்கிய மூலையைக் கூராக்க அரை மில்லிமீட்டர் சீவியிருப்பார்கள். ஒரு வரிசையிலிருந்து பத்துப் பதினைந்து கார்டு உங்களிடம் இருந்தால் இதற்குச் சுலபமான வழி இருக்கிறது. கட்டாகச் சேர்த்து, சுத்தமான கண்ணாடி மேல் மெதுவாக நிறுத்தி, மேல் ஓரத்தைக் கண் மட்டத்தில் வைத்துப் பாருங்கள். மற்றவை ஒரே சமமாக நிற்க, ஒன்று மட்டும் பள்ளமாகத் தெரிந்தால் அதைத் தனியே எடுங்கள். ஆலையில் வெட்டும்போதே சற்றுக் கூடக்குறைய வரும் என்பதால் அளவை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்லக்கூடாது. லென்ஸில் நான்கு ஓரங்களையும் ஒப்பிட வேண்டும். மூன்று ஓரங்கள் பழுப்பேறி இழை கொஞ்சம் கலைந்திருக்க, நான்காவது மட்டும் வெள்ளையாக, கத்தி போட்டது போல் வழவழவென்று இருந்தால் அது பின்னால் சீவியது.

கயிறு கட்டிய கட்டுக்கு இன்னொரு கணக்கு உண்டு. வெளியே இருக்கும் முதல் கார்டும் கடைசிக் கார்டும் கயிற்றின் தடத்தை வாங்கிக்கொள்ளும், ஓரங்களில் பள்ளம் விழும். நடுவில் இருப்பவை காற்று, வெளிச்சம், கை எதுவும் படாமல் தப்பிக்கும். ஆகவே பழைய கட்டைப் பிரிக்கும்போது அடுக்கின் வரிசையைக் கலைக்காமல் படம் எடுத்துக்கொண்டே பிரிப்பது நல்லது.

எட்டு கார்டு முன்னோட்டம்

டிஃபையன்ஸ் குடும்பம் செய்த மிகச் சரியான காரியம் என்று நாங்கள் கருதுவது இதைத்தான். 700ஐயும் மொத்தமாக எவரிடமும் தூக்கிக் கொடுக்கவில்லை. டாலஸில் உள்ள ஹெரிட்டேஜ் ஏல நிறுவனத்துக்கு முதலில் எட்டே எட்டு கார்டுகளை அனுப்பினார்கள். மற்றவை வங்கிப் பெட்டகத்துக்குப் போயின. எட்டும் அசல் என்று தெரிந்த பிறகே மொத்தமும் கிரேடிங் நிறுவனமான பிஎஸ்ஏவுக்குப் போனது.

உங்கள் பெட்டியில் 40 கார்டே இருந்தாலும் இதே முறைதான். நன்றாக இருப்பது இரண்டு, நடுத்தரம் இரண்டு, சந்தேகம் ஒன்று என்று ஐந்தை அனுப்பினால், உங்கள் கண் எவ்வளவு தாராளமாக மார்க் போடுகிறது என்பது தெரிந்துவிடும். நீங்கள் 6 என்று நினைத்தது 4 என்று வரும். அநேகமாக எல்லோருக்கும் அப்படித்தான் வரும். காரணம் பெரும்பாலும் பரப்பில் இருக்கும் மெல்லிய மடிப்பு. நேராகப் பார்த்தால் தெரியாது. ஒற்றை விளக்கின் கீழ் கார்டைக் கிடைமட்டமாகப் பிடித்து மெதுவாகச் சாய்த்தால், ஒளி ஓடும் வழியில் ஓர் இடத்தில் உடையும். அந்த ஒரு கோடு நான்கு மூலையும் கூராக உள்ள கார்டைக்கூட 5க்கும் கீழே தள்ளிவிடும்.

16 காப்

பிஎஸ்ஏ அளவுகோல் 1இல் தொடங்கி 10இல் முடியும். 5 என்றால் எக்ஸலென்ட், 7 நியர் மின்ட், 9 மின்ட், 10 ஜெம் மின்ட். மூலை, ஓரம், பரப்பு, படம் நடுவில் அமைந்திருக்கிறதா என்ற நான்கையும் பார்ப்பார்கள். எத்தனை கார்டு எந்த கிரேடு வாங்கியிருக்கிறது என்ற கணக்கையும் அந்த நிறுவனமே வெளியிடுகிறது. சேகரிப்பாளர்கள் பேச்சில் இது 'பாப் ரிப்போர்ட்'.

இந்தப் பெட்டி திறக்கும்வரை ஈ98 டை காப் கார்டுக்குக் கிடைத்திருந்த உச்ச கிரேடு 7. பெட்டியிலிருந்து 9 வாங்கிய காப் மட்டும் 16 வந்தன. அந்த வரிசையில் முதன்முறையாக ஒரு வாக்னர் 10 வாங்கியது.

இதை எதிர்ப்பக்கத்திலிருந்து பாருங்கள். அதற்கு முந்தைய மாதம் யாரோ ஒருவர் 'உலகிலேயே சிறந்த ஈ98 காப்' என்று 7 கிரேடு கார்டை வைத்திருந்தார். கார்டுக்கு எதுவும் ஆகவில்லை. ஆனால் ஒரே நாளில் 16 பேர் அவரைத் தாண்டிப் போய்விட்டார்கள். பாப் ரிப்போர்ட்டில் தனியாக உச்சியில் நிற்கும் கார்டுக்குக் கொடுக்கும் கூடுதல் விலை, இன்னும் எவர் பரணில் என்ன இருக்கிறது என்று தெரியாத நிலையில் கொடுக்கும் விலை. டி206 போல லட்சக்கணக்கான கண்கள் நூறாண்டாகத் தேடிய வரிசையில் இந்த அபாயம் குறைவு. ஈ98 போலச் சிலரே தேடிய வரிசையில் அதிகம். அப்படிப்பட்ட வரிசையில் உச்ச கிரேடு உங்கள் கையில் இருந்தால், வைத்திருப்பதைவிட விற்பதற்கே நாங்கள் சாய்வோம்.

சொட்டு சொட்டாக விற்றது

16 காப் ஒரே ஏலத்தில் வந்தால் என்ன ஆகும்? உச்ச விலை கொடுக்கத் தயாராக இருப்பவர் ஐந்தாறு பேர் என்று வையுங்கள். ஏழாவது கார்டுக்குப் போட்டி போட ஆள் இருக்காது, அங்கே விழும் விலைதான் அடுத்த ஐந்து ஆண்டுக்குப் பேசும் விலையாகும். இதனால்தான் முதல் தவணையாக 37 கார்டுகளை மட்டும் 2012 ஆகஸ்டில் பால்டிமோரில் நடந்த தேசிய சேகரிப்பாளர் மாநாட்டில் ஏலம் விட்டார்கள். வசூல் 5,66,132 டாலர். 10 கிரேடு வாக்னர் மட்டும் 2,39,000 டாலருக்குப் போனது. வரிசையை ஏறக்குறைய நிறைவு செய்யும் ஒரு தொகுப்பையும் அதே ஏலத்தில் ஒரே லாட்டாகப் போட்டு, தனிக்கார்டு வாங்குபவரோடு முழு வரிசை தேடுபவரையும் இழுத்தார்கள். மற்றவற்றை இரண்டு மூன்று ஆண்டுகளில் ஏலமாகவும் நேர் விற்பனையாகவும் கழிப்பது என்பது திட்டம்.

20 பேருக்குப் பங்கு பிரிப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. 700ஐ 20ஆல் வகுத்தால் ஆளுக்கு 35. ஆனால் 9 கிரேடு காப் 16தான், 10 கிரேடு வாக்னர் ஒன்றே ஒன்று. கார்டாகப் பிரித்தால் யாருக்காவது மனக்கசப்பு வரும். உயர்ந்தவற்றை விற்றுப் பணமாகப் பிரித்துவிட்டு, ஆசைப்பட்டவர்கள் சாதாரணக் கார்டில் ஒன்றிரண்டை நினைவுக்கு எடுத்துக்கொள்வதுதான் சண்டையில்லாத வழி. இந்தக் குடும்பத்தில் ஒரு சிலரைத் தவிர எல்லோரும் தங்கள் பங்கை விற்கவே முடிவு செய்தார்கள்.

சாதாரணப் பெட்டிக்குக் கணக்கு

எல்லாப் பெட்டியிலும் 9 இருக்காது. பெரும்பாலான பழைய கார்டுகள் 1 முதல் 4க்குள் விழும். அங்கே கிரேடு போடுவது லாபமா என்பதை இப்படிப் பாருங்கள். கீழே உள்ள விலைகள் கணக்குக்காக வைத்தவை.

கிரேடு போடாமல் விற்றால் 400 டாலர் வரும் ஒரு கார்டு. 4 வாங்கினால் 520, 3 வாங்கினால் 380, ஓரம் நறுக்கியது என்று முத்திரை விழுந்தால் 180. வாய்ப்பு முறையே 60, 35, 5 சதவீதம் என்று எடுத்தால் சராசரி 454. இணையச் சந்தை எடுக்கும் பங்கு சுமார் 13 சதவீதம் போக 395. கிரேடிங் கட்டணம், தபால், காப்பீடு எல்லாம் சேர்த்து 60 போனால் 335. அப்படியே விற்றிருந்தால் பங்கு போக 348 நின்றிருக்கும். இரண்டு மாதம் காத்திருந்து 13 டாலர் நட்டம். ஓரத்தில் உங்களுக்கே சந்தேகம் இருந்து, வாய்ப்பு 50, 30, 20 என்று மாறினால் கையில் நிற்பது 297தான்.

அதே கணக்கில் 2,000 டாலர் கார்டை வையுங்கள். 4க்கு 3,200, 3க்கு 2,300, நறுக்கியதற்கு 900. முதல் வாய்ப்பின்படி சராசரி 2,770. பங்கு போக 2,410, செலவு 150 போக 2,260. அப்படியே விற்றால் 1,740. இங்கே கிரேடு போடத்தான் வேண்டும்.

வித்தியாசம் ஏன் வருகிறது? விலை கூடக்கூட வாங்குபவரின் பயமும் கூடுகிறது. 2,000 டாலர் கொடுப்பவர் 'இது நறுக்கியதோ, போலியோ' என்ற சந்தேகத்துக்கு ஒரு தொகையைக் கழித்துத்தான் விலை கேட்பார். பிளாஸ்டிக் உறை அந்தச் சந்தேகத்தை எடுக்கிறது, கழித்த தொகை திரும்பி வருகிறது. சந்தேகமே எழாத மலிவான கார்டில் திரும்பி வர எதுவும் இல்லை.

விலை பார்க்கும்போது விற்பவர் போட்டிருக்கும் விலையைப் பார்க்காதீர்கள், விற்று முடிந்த விலையைப் பாருங்கள். அதே வரிசை, அதே வீரர், அதே கிரேடு, கடைசி ஐந்து விற்பனை. கிரேடிங் கட்டணம் கார்டின் மதிப்பைப் பொறுத்து அடுக்கடுக்காக ஏறும். குறைத்துச் சொல்லி அனுப்பி, அது உயர்ந்த கிரேடு வாங்கிவிட்டால் மேல் அடுக்குக் கட்டணத்தைக் கேட்பார்கள்.

பெரிய ஏல நிறுவனங்களில் வாங்குபவரும் ஏலத் தொகைக்கு மேல் 20 சதவீதத்தை ஒட்டிக் கட்ட வேண்டும். அவர் அதை மனதில் கழித்துக்கொண்டே கை தூக்குவார், கடைசியில் அது உங்கள் பணம். விலையுயர்ந்த கார்டு கொண்டுவருபவர் விற்பனைக் கமிஷனே வேண்டாம் என்று பேரம் பேசலாம், அதற்கு ஒப்புக்கொள்வார்கள். கேட்காதவருக்குத்தான் கிடைக்காது.

கெடுப்பது எப்படி

பெரும்பாலும் கெடுப்பது நல்ல எண்ணத்தில்தான் நடக்கிறது. அழுக்கைத் துடைக்கிறேன் என்று ரப்பர் போடுவார்கள், பரப்பின் பளபளப்பு அந்த இடத்தில் மட்டும் போய்விடும். மடிப்பை நீக்கப் புத்தகத்துக்கு அடியில் ஈரத்தோடு அழுத்துவார்கள். நான்கு மூலையிலும் திருகாணி போட்ட பழைய அக்ரிலிக் உறையில் இறுக்கி வைத்தால் கார்டு நசுங்கி அகலும். அளவு கூடிப்போன கார்டுக்கு கிரேடு எண் கிடைக்காமல் போகலாம். ஆல்பத்தில் பசையால் ஒட்டிய புகையிலைக் கார்டைக் காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து எடுப்பதை மட்டும் இந்த வட்டாரத்தில் பெரும்பாலோர் ஏற்றுக்கொள்கிறார்கள். ரசாயனம் சேர்த்தால் அது திருத்தம்.

பிஎஸ்ஏ திருப்பி அனுப்பும்போது குறியீடு வரும். என்1 என்றால் நறுக்கிய அடையாளம். என்6 என்றால் குறைந்தபட்ச அளவு இல்லை. இரண்டாவது வந்தால் மனம் உடைய வேண்டாம், ஆலையிலேயே சிறிதாக வெட்டப்பட்ட கார்டாக இருக்கலாம்.

அனுப்பும் முறை: மெல்லிய பிளாஸ்டிக் உறை, அதன் மேல் வளையும் தன்மையுள்ள அரைக்கடின உறை. டாப் லோடர் எனப்படும் கெட்டி உறை வேண்டாம், வெளியே எடுக்கும்போது மூலை மாட்டும். உறை வாயில் சிறு தாள் நாக்கு. உறைகளை இரண்டு அட்டைக்கு நடுவே வைத்து, ரப்பர் பேண்டை அட்டை மேல் மட்டும் போடுங்கள். முன், பின், நான்கு மூலை என ஒவ்வொரு கார்டுக்கும் ஆறு படம், அனுப்பும் முன்பே.

உறைக்குள் போன கார்டு என்றால் தீர்ப்பு முடிந்தது என்றும் இல்லை. பிஎஸ்ஏ 1991இல் முதன்முதலாக கிரேடு போட்டு உறையிட்ட டி206 வாக்னர் 8 கிரேடு வாங்கியது, 2007இல் 28 லட்சம் டாலருக்கு விற்றது. அதை வியாபாரம் செய்த பில் மாஸ்ட்ரோ 2013இல் ஓரம் நறுக்கியதை நீதிமன்ற வழக்கில் ஒப்புக்கொண்டார்.

வைத்துக்கொள்வதென்றால்

மிக்கி மேன்டில் என்ற ஆட்டக்காரருக்கு டாப்ஸ் கம்பெனி 1952இல் போட்ட கார்டு, 1991இல் 50,000 டாலருக்கு வாங்கியது ஒன்று, 2022இல் 1 கோடியே 26 லட்சம் டாலருக்குப் போனது. வைத்துக்கொள்ளச் சொல்பவர்கள் எல்லோரும் காட்டுவது இந்த ஒரு கார்டைத்தான். அது 9.5 கிரேடு. அதே மேன்டில் 2 கிரேடில் இருந்தால் கதை வேறு.

அமெரிக்காவில் வரி கட்டுபவருக்கு இன்னொரு கணக்கு. ஓராண்டுக்கு மேல் வைத்து விற்ற சேகரிப்புப் பொருளின் லாபத்துக்கு மத்திய வரி உச்சம் 28 சதவீதம். பங்குச்சந்தைப் பங்கின் லாபத்துக்கு 20தான். ஆனால் வாரிசாக வந்த பொருளுக்கு அடக்கவிலை என்பது இறந்த நாளின் சந்தை மதிப்பு. தாத்தா காசு கொடுக்காமல் வாங்கியதாயிற்றே என்று பூஜ்யம் போடத் தேவையில்லை. அந்த நாளை ஒட்டி எழுதி வாங்கிய மதிப்பீட்டுச் சான்று ஒன்று இருந்தால் பெரிய தொகை மிச்சம். சாதாரண வீட்டுக் காப்பீட்டில் சேகரிப்புப் பொருளுக்கு மிகச் சிறிய வரம்பே இருக்கும், தனிக் காப்பீடு எடுக்க வேண்டும். பரணில் மறுபடி வைக்காதீர்கள். ஈரப்பதம் 50 சதவீதத்தை ஒட்டி, வெப்பம் ஏறி இறங்காத அறை போதும். கிரேடிங் உறை காற்றுப் புகாத பெட்டி அல்ல.

பெட்டி, கயிறு, மேலே கிடந்த ரசீது எதையும் குப்பையில் போட வேண்டாம். டிஃபையன்ஸ் கார்டுகளின் லேபிளில் வீரர் பெயரோடு 'பிளாக் ஸ்வாம்ப் ஃபைண்ட்' என்றும் அச்சிட்டுக் கொடுத்தார்கள். கார்டு ஒரே இடத்திலிருந்து, ஒரே கட்டாக வந்தது என்பதை மொத்தப் பெட்டியாக நிரூபிக்க முடிந்ததால் கிடைத்தது அது. இன்று அதே ஏலங்களில் அந்தச் சொற்களைத் தேடியே கார்டு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.